ஏர்லியில் போட்டால் கிடைத்துவிடுமா?

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற நியூ ஜெர்சித் தமிழ் வீடுகளில் செப்டம்பர் பிறந்துவிட்டால் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி ஒரே பேச்சுதான். ஏர்லி எங்கே போடுகிறீர்கள்? ஈடியா, ஈஏவா? நவராத்திரிக் கொலுவுக்குப் போனால் சுண்டல் கைக்கு வருவதற்கு முன் இந்தக் கேள்வி வந்துவிடும். என் மகள் இந்த வழியாகப் போய் ஒரு கல்லூரியில் சேர்ந்த பிறகு, கேட்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள். காரணம் என் வேலை. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆக்சுவரி. எது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுவதுதான் பிழைப்பு. "அக்கா, உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி ஆச்சே, பையனுக்கு பிரவுன் யுனிவர்சிட்டில சான்ஸ் எத்தனை பர்சென்ட்னு சொல்லுங்க" என்பார்கள்.

சொல்ல முடியாது. பதினேழு வயதுப் பையன் கார் ஓட்ட ஆரம்பித்தால் பிரீமியம் ஏறுகிறதே, அது அந்தப் பையனைப் பற்றி எங்களுக்கு ஏதோ தெரியும் என்பதால் அல்ல. அவன் வயதுப் பையன்களின் கூட்டத்தைப் பற்றித் தெரியும் என்பதால். கல்லூரி விஷயமும் இப்படித்தான். உங்கள் பிள்ளையை எந்தக் கூட்டத்தில் வைத்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துதான் சதவீதம் வரும். ஏர்லி முடிவுகளைப் பற்றிப் பத்திரிகையில் வரும் சதவீதம் பெரும்பாலும் வேறொரு கூட்டத்தினுடையது.

இந்த ஏற்பாடு பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. கட்-ஆஃப் இவ்வளவு, கவுன்சலிங்கில் இந்த ரேங்க், இந்த இடம் என்று பழகிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளில் கட்-ஆஃப் கிடையாது. விண்ணப்பத்தை முழுதாகப் படித்து முடிவெடுக்கிறார்கள். பொதுச் சுற்றுக்கு ஜனவரித் தொடக்கம் கெடு, மார்ச் கடைசியில் முடிவு. அதற்கு முன்னால் நவம்பர் 1 அல்லது 15-க்குள் போட்டு, டிசம்பர் நடுவில் முடிவு தெரிந்துகொள்வது ஏர்லி. அதில் மூன்று ரகம். ஈடி என்கிற ஏர்லி டிசிஷன் கட்டுப்படுத்தும் ரகம்: ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம், கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மாணவர், பெற்றோர், பள்ளி கவுன்சலர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஈஏ என்கிற ஏர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டு இல்லை, மே 1 வரை யோசிக்கலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நான்கும் நடுவில் ஒன்று வைத்திருக்கின்றன: சேர்ந்தாக வேண்டும் என்பதில்லை, ஆனால் வேறு தனியார் கல்லூரிகளுக்கு ஏர்லி போடக் கூடாது. கலிஃபோர்னியாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: யூசி என்கிற கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் ஏர்லி என்பதே இல்லை. உங்களுக்குத் தலைவலி கொஞ்சம் குறைவு.

இப்போது அந்தப் பிரபலமான சதவீதத்துக்கு வருவோம். 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஈடியில் 6,244 பேர் போட்டார்கள், 898 பேருக்குக் கிடைத்தது. 14.4 சதவீதம். அந்த ஆண்டு மொத்தமாக 48,881 பேர் போட்டு 2,521 பேருக்குக் கிடைத்தது. கழித்துப் பார்த்தால் பொதுச் சுற்றில் 42,637 பேருக்கு 1,623 இடம், அதாவது 3.8 சதவீதம். இதைப் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஏர்லியில் போட்டால் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு!

கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 898 பேரில் யார் யார் இருக்கிறார்கள்?

முதலில் விளையாட்டு வீரர்கள். பிரவுனில் முப்பதுக்கு மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உண்டு. படகு வலிப்பது, வாள்வீச்சு, ஸ்குவாஷ், லக்ராஸ் என்று நீளும். பயிற்சியாளர்கள் ஆளைப் பார்த்து, மதிப்பெண்ணையும் முன்கூட்டியே அனுமதி அலுவலகத்தில் காட்டி, "நீ ஏர்லியில் போடு" என்று சொல்லி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு நவம்பர் என்பது சடங்கு. அடுத்து லெகஸி, அதாவது அப்பா அம்மா அங்கேயே படித்த பிள்ளைகள். பிறகு நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள், அங்கே வேலை பார்க்கும் பேராசிரியர்களின் பிள்ளைகள். இவர்களுக்கு எவ்வளவு சலுகை என்பது நெடுநாள் வதந்தியாகவே இருந்தது. ஆசிய மாணவர்களிடம் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்ட் மீது போட்ட வழக்கில் ஆவணங்கள் நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான் எண்கள் வெளியே தெரிந்தன. அழைத்து எடுக்கப்படும் விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம். லெகஸிகளில் மூன்றில் ஒருவருக்கு. இந்த வகைகள் எதிலும் சேராத பிள்ளைகளுக்கோ ஐந்தாறு சதவீதம். வெள்ளையின மாணவர்களில் இடம் பெற்றவர்களை எடுத்துக்கொண்டால் 43 சதவீதத்துக்கு மேல் இந்த வகைகளில் ஏதாவது ஒன்றில் இருந்தார்கள். ஆசிய அமெரிக்கர்களில் 16 சதவீதத்துக்கும் குறைவு.

நம் வீடுகளில் அப்பா கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ பொறியியல் படித்துவிட்டு இங்கே வந்தவர். லெகஸி எங்கிருந்து வரும்? பிள்ளை டென்னிஸ் ஆடும், ஆனால் பயிற்சியாளர் தேடி வருகிற அளவுக்கு அல்ல. ஆக அந்த 14.4-இல் இவர்களையெல்லாம் இரண்டு பக்கமும் கழித்துவிட்டுத்தான் நம் கணக்கைத் தொடங்க வேண்டும். உத்தேசமாக 200 வீரர்கள் என்று வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம், பிரவுன் சொன்ன எண் அல்ல). 6,044 பேரில் 698, அதாவது 11.5 சதவீதம். லெகஸியையும் மற்றவர்களையும் இதே போல உத்தேசமாகக் கழித்தால் பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பதினான்கு பத்தாகிறது. அதற்கு மேல், ஏர்லிக் கூட்டம் பொதுவாகவே தயாராக வந்த கூட்டம். பத்தாம் வகுப்பிலிருந்தே திட்டமிட்டு, எஸ்ஸேயை ஆகஸ்டிலேயே முடித்தவர்கள். பொதுச் சுற்றின் 42,637 பேரில், "போட்டுத்தான் பார்ப்போமே" என்று கடைசி இரவில் பொத்தானை அழுத்தியவர்கள் நிறைய. இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து மடங்கு போடுவதே சரியில்லை.

அப்படியென்றால் ஏர்லியில் சலுகையே இல்லையா? இருக்கிறது. பத்துக்கும் 3.8-க்கும் நடுவில் உள்ள தூரத்தை வீரர்களும் லெகஸியும் மட்டும் விளக்கிவிடவில்லை. அவெரி, ஃபேர்பேங்க்ஸ், செக்ஹவுசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 14 கல்லூரிகளின் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். மதிப்பெண்ணும் தகுதியும் ஒரே மாதிரி உள்ள இருவரில், ஏர்லியில் போடுகிறவருக்குக் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு, கல்லூரி அனுமதிக்கான எஸ்ஏடி தேர்வில் 100 மதிப்பெண் அதிகம் வாங்கியதற்குச் சமம் என்பது அவர்கள் கண்டது. ஆய்வு பழையதுதான். கல்லூரிகளின் நோக்கம் மாறவில்லை. கடிதம் அனுப்பிய எல்லாரும் வந்து சேர்வார்களா என்பது அவர்களுடைய கவலை. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற யீல்ட் கணக்கை வைத்துத்தான் விடுதி அறை முதல் வரவு செலவுத் திட்டம் வரை எல்லாம். ஈடியில் எடுத்த மாணவர் கட்டாயம் வருவார். அதனால்தான் பென்சில்வேனியா, நார்த்வெஸ்டர்ன் போன்ற இடங்களில் வகுப்பில் பாதியளவு ஈடியிலேயே நிரம்பிவிடுகிறது.

இது நியாயமா என்ற சண்டை புதிதல்ல. கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியாத ஏழை மாணவர்களுக்கு ஏர்லி பாதகம் என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் அதைக் கைவிட்டன. மற்றவர்கள் பின்தொடர்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகம் தவிரப் பெரிதாக யாரும் வரவில்லை. 2011-இல் இரண்டும் சத்தமில்லாமல் திரும்பிவிட்டன. 2025 ஆகஸ்டில், ஈடி முறையே போட்டியைத் தடுக்கும் கூட்டுச்சதி என்று 32 கல்லூரிகள் மீது மாசசூசெட்ஸில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் விண்ணப்பம் போட்டு, படித்து, பட்டமே வாங்கிவிடுவார்கள், அந்த வழக்கு முடிவதற்குள்.

சலுகை எல்லா ஏர்லியிலும் ஒரே அளவு இல்லை என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. எம்ஐடி ஈஏ வைத்திருக்கிறது, கட்டுப்பாடு இல்லை, லெகஸியும் பார்ப்பதில்லை. 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு ஏர்லியில் 12,563 பேரில் 661 பேரை எடுத்தது, 5.3 சதவீதம். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 4.5. அங்கே ஏர்லி போடுவதால் சீக்கிரம் முடிவு தெரியும், அவ்வளவுதான். ஜார்ஜ்டவுன் ஏர்லியில் எடுக்கும் சதவீதம் பொதுச் சுற்றைவிடக் கூடாமல் பார்த்துக்கொள்வதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. யேல் அதே ஆண்டில் ஏர்லியில் 7,856 பேரில் 709 பேரை எடுத்தது, 9 சதவீதம். அதில் லெகஸியையும் வீரர்களையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். உண்மையான எடை ஈடியில்தான். ஏனென்றால் அங்கேதான் நீங்கள் பதிலுக்கு எதையாவது கொடுக்கிறீர்கள்.

சரி, கூட்டத்தை இன்னும் சுருக்குவோம்.

உங்கள் பிள்ளை 6,244 பேரோடு போட்டி போடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விண்ணப்பங்களை வட்டாரவாரியாகப் பிரித்துத்தான் படிக்கிறார்கள். மத்திய நியூ ஜெர்சியைப் படிக்கும் அதிகாரியின் முன்னால் ஒரே பள்ளியின் விண்ணப்பங்கள் அடுத்தடுத்து வரும். எடிசன், பிளெயின்ஸ்பரோ, வெஸ்ட் வின்சர் பக்கத்துப் பள்ளிகளில் அந்த வரிசை எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். கணினி அறிவியல், ரோபாட்டிக்ஸ், டிபேட், மருத்துவமனையில் தன்னார்வப் பணி, அரங்கேற்றம். அரங்கேற்றத்தைப் பற்றி எஸ்ஸே எழுதாதே என்று நான் சொல்லவில்லை. என் மகளும் எட்டு வயதிலிருந்து ஆடியவள்தான். ஆனால் அந்த அதிகாரி ஒரே குளிர்காலத்தில் எத்தனை சலங்கை பூஜை படித்திருப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எடுக்கும் பாடமும் கூட்டத்தை மாற்றும். கார்னகி மெலனின் மொத்தச் சதவீதத்தைப் பார்த்துவிட்டுக் கணினித் துறைக்குப் போடுகிறார்கள். அந்தத் துறைக்கு இடம் தனி, நெருக்கடியும் தனி. மொத்தச் சதவீதம் அங்கே எதையும் சொல்லாது.

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரி அனுமதியில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னபோது, இனி நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது என்று வாட்சப்பில் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு எம்ஐடியில் ஆசிய அமெரிக்கர் பங்கு 40-லிருந்து 47 சதவீதமாக ஏறியது. யேலில் 30-லிருந்து 24-ஆக இறங்கியது. பிரின்ஸ்டனிலும் சற்று இறங்கியது. இதிலிருந்து தனக்கு வேண்டிய முடிவை எடுத்துக்கொண்டு யார் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசலாம். பேசுகிறார்கள்.

உருப்படியாகப் பார்க்கக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று பள்ளியிலேயே இருக்கிறது: நேவியன்ஸ் அல்லது ஸ்கோயர் என்ற, பள்ளிகள் பயன்படுத்தும் இணையதளத்தில் வரும் புள்ளிப்படம். உங்கள் பள்ளியிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போட்டவர்களின் ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), எஸ்ஏடி, கிடைத்ததா இல்லையா என்று புள்ளி வைத்துக் காட்டும். பத்திரிகைச் சதவீதத்தைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் கூட்டம் உங்களுடையது. அதிலும் பொறி உண்டு. குறைந்த மதிப்பெண்ணில் தனியாக நிற்கும் அந்தப் பச்சைப் புள்ளி நீச்சல் வீராங்கனையாக இருக்கலாம். படம் அதைச் சொல்லாது. கவுன்சலரிடம் பக்குவமாகக் கேட்டால், பெயர் சொல்லாமல், "அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்" என்று மட்டும் சொல்வார். அது போதும்.

இன்னொன்று காமன் டேட்டா செட். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே படிவத்தில் வெளியிடும் தகவல் தொகுப்பு. அதில் சி7 பகுதி எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம் என்று சொல்லும். ஈடி எண்கள் சி21-இல் இருக்கும். சி9-இல் எஸ்ஏடி வரம்பு இருக்கும், கூடவே எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண்ணைக் கொடுத்தார்கள் என்பதும். அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் முதல் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று இருக்கிற இடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் கொடுப்பார்கள், வரம்பு தானாக ஏறி நிற்கும். இணையத்தில் விவரத்தை நிரப்பினால் "உங்கள் வாய்ப்பு 23 சதவீதம்" என்று சொல்லும் கருவிகளை நான் தொடுவதில்லை. எஸ்ஸேயைப் படிக்காத, பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்காத, பள்ளியை அறியாத ஒரு கருவி இரண்டு இலக்கத் துல்லியத்தோடு பேசினால் எங்கள் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

வாய்ப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. இது எனக்குப் புரியாத விஷயம். ஒரு தனியார் கல்லூரியில் கட்டணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்று ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. கணவன் மனைவி இருவரும் ஐடியில் இருக்கும் வீட்டுக்கு உதவி பெரும்பாலும் வராது. நியூ ஜெர்சியின் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் மாநிலக் கட்டணத்தில் படித்தால் இதில் பாதிகூட ஆகாது. ஈடி போட்டுக் கிடைத்துவிட்டால், மற்ற கல்லூரிகள் மெரிட் உதவித்தொகையாக, அதாவது தகுதியைப் பார்த்து, என்ன கொடுத்திருக்கும் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை விற்றுவிட்டீர்கள் என்று பொருள். உதவித்தொகை போதவில்லை என்றால் விலக வழி உண்டுதான். ஆனால் மனம் மாறியது என்று விலகினால் கதை வேறு. டுலேன் பல்கலைக்கழகம், ஈடியில் இடம் வாங்கி விலகிய ஒரு மாணவருக்காக, கொலராடோவில் அவர் படித்த தனியார் பள்ளிக்கே ஓராண்டு ஈடி தடை போட்டது. பின்னால் வரும் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது உத்தேசமாக எவ்வளவு என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது 2011-இலிருந்து சட்டம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அரை மணி நேரம் அதில் உட்காருங்கள்.

கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் சிக்கல். பிள்ளை இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்திருக்கும், ஆனால் வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4 விசாவில் இருந்தால் மத்திய அரசின் உதவி கிடையாது. பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் சேர்க்கும். அந்தக் கணக்கில், உதவி வேண்டும் என்று கேட்பதே பல இடங்களில் வாய்ப்பைக் குறைக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆமர்ஸ்ட், டார்ட்மவுத் போன்ற சில மட்டும் வெளிநாட்டவருக்கும் பணத்தேவையைப் பார்க்காமல் முடிவெடுக்கின்றன. விசா நிலையைப் பற்றி அனுமதி அலுவலகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது. பதில் சொல்வார்கள்.

பையனுக்கு பிரவுனில் சான்ஸ் எவ்வளவு என்று கேட்ட ஒரு தம்பியிடம் நான் கேட்டது வேறு கேள்வி. "பையன் பிரவுன் போய்ப் பார்த்தானா? நாளைக்கே இரண்டிலும் இடம் கிடைச்சா, மேரிலாண்ட் யுனிவர்சிட்டியை விட்டுட்டு அங்கதான் போவேன்னு சொல்வானா?" பையன் பக்கத்தில்தான் நின்றான். பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்கும் பிரவுனின் திறந்த பாடத்திட்டம் அவனுக்குப் பிடிக்கும், ஆனால் அவன் மனது ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தில் இருந்தது, மேரிலாண்டில் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அப்பாவுக்கு அது அன்றுதான் தெரிந்தது. பத்து சதவீதமும் இல்லாத ஒரு வாய்ப்புக்காக, பையன் முழுதாக விரும்பாத ஓர் இடத்துக்கு, மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் வாக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று சொன்னேன். ஈடியை விட்டார்கள். மேரிலாண்டுக்கும் வேறு இரண்டு மாநிலக் கல்லூரிகளுக்கும் ஈஏ போட்டார்கள். மேரிலாண்ட் பெரும்பாலான இடங்களை ஏர்லியிலேயே நிரப்பிவிடுகிறது என்பதால் அங்கே நவம்பர் 1-ஐத் தவறவிடுவதுதான் ஆபத்து. பிரவுனுக்குப் பொதுச் சுற்றில் போடுவதாக இருந்தார்கள். இதே கேள்விக்கு இன்னொரு வீட்டுப் பெண் யோசிக்காமல் "நார்த்வெஸ்டர்ன்" என்றாள், பெற்றோரும் பணத்தை எண்ணிப் பார்த்துச் சரி என்றார்கள். அவளை ஈடி போடு என்றுதான் சொன்னேன்.

டிசம்பர் முடிவில் இடம், மறுப்பு இரண்டுக்கும் நடுவில் டிஃபர் என்று ஒன்று வரும். பொதுச் சுற்றில் மறுபடி பார்க்கிறோம் என்பது. இதற்கும் கல்லூரிக்குக் கல்லூரி மதிப்பு வேறு. ஹார்வர்ட் ஏர்லியில் போட்டவர்களில் ஐந்தில் நான்கு பேரை டிஃபர் செய்த ஆண்டு உண்டு. எம்ஐடி மேலே சொன்ன ஆண்டில் 8,000 பேருக்கு மேல். ஜார்ஜ்டவுன் எடுக்காத எல்லாரையும் டிஃபர்தான் செய்யும். யேல் ஐந்தில் ஒருவரைத்தான் டிஃபர் செய்து, பெரும்பாலோருக்கு அன்றே இல்லை என்று சொல்லிவிடுகிறது. அதனால் யேலின் டிஃபர் ஓரளவு நம்பிக்கை தரும், ஹார்வர்டின் டிஃபர் அநேகமாக மரியாதைக்கு. புதிய மதிப்பெண், புதிய பரிசு ஏதாவது இருந்தால் ஒரு பக்கத்தில் கடிதம் அனுப்பலாம். மூன்று பக்கம் வேண்டாம்.

அப்புறம், ஏர்லி போட்ட கையோடு மற்ற விண்ணப்பங்களை மூடி வைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. டிசம்பர் நடுவில் இல்லை என்று வந்தால் ஜனவரிக் கெடுவுக்கு நடுவில் இரண்டு வாரம்தான், அதிலும் பிள்ளை முதல் நான்கு நாள் அறையை விட்டு வெளியே வராது. அந்த மிச்சத்தில் எட்டுக் கல்லூரிக்கு எஸ்ஸே எழுதிய ஒரு பிள்ளையின் விண்ணப்பங்களைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். எட்டிலும் கல்லூரியின் பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. ஒன்றில் அதுவும் மாறவில்லை.